வாழையிலைக் கூரை, வாழையிலைப் பொட்டலம்

ஷா ஆலாம் அரங்கம் என்னைவிட இரண்டு வயது மூத்தது. 1994இல் திறந்தார்கள். 2024இல் இடிக்கத் தொடங்கினார்கள். 80,000 பேர் உட்கார்ந்த இடம். அந்த வளைவுக் கூரைகளை நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தாலே சிலாங்கூர் ரசிகர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். இடிப்பு வேலை நடந்த மாதங்களில் யூடியூபில் அதன் காணொளிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஆயிரக்கணக்கான அழுகைப் படங்கள். புதிதாக வரப்போவதில் 45,000 பேர்தான் உட்காரலாம். சுற்றிலும் வணிக வளாகங்கள் வரும் என்கிறார்கள்.

ஜோகூரில் அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 1964இல் கட்டிய லார்க்கின் அரங்கத்தை விட்டு ஜே.டி.தி. அணி 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்குக் குடிபோனது. 40,000 இருக்கைகள். இரவில் வெளிச்சுவர் முழுக்க விளக்கு எரியும். கூரையை வாழையிலையை மாதிரியாக வைத்து வரைந்திருக்கிறார்கள். லார்க்கினைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. 1997 நவம்பரில் ஈரானை 3–2 என்று வீழ்த்தி ஜப்பான் முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது அந்தத் திடலில்தான். ஜப்பானியர்கள் இன்றும் அந்த ஆட்டத்துக்கு ஜோகூர்பாருவின் பெயரைச் சொல்கிறார்கள். நமக்குத்தான் அது பழைய ஸ்டேடியம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டம்தான். ஓர் ஆலோசனை நிறுவனத்தில் கட்டடங்களுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது, கழிவுநீர் எப்படிப் போகிறது என்பதை வரைவது என் வேலை. பழைய கட்டடங்களைப் பார்த்து உருகுகிற ஆள் இல்லை. கான்கிரீட்டுக்கு வயதாகும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து மேலே இருக்கும் கான்கிரீட்டை உடைக்கும். நினைவுகளை வைத்து அதை ஒட்டவைக்க முடியாது. ஆகவே "பழசு பொன்னு, புதுசு தகரம்" என்று நம் ஆட்கள் தேநீர்க் கடையில் பேசும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் புதுசும் தகரமாக முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. கோலத்திரங்கானுவில் சுல்தான் மிசான் அரங்கத்தை 2008இல் திறந்தார்கள். அந்த ஆண்டு சுக்மா போட்டிகள் அங்கே நடந்தன. 2009 ஜூன் 2ஆம் தேதி காலை அதன் கூரை இடிந்து விழுந்தது. ஆட்டம் இல்லாத நாள். ஆட்டம் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவர் படத்தைத் திரையில் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். ஒரு நிமிடம் வகுப்பில் சத்தமே இல்லை. 2013இல் வேலை நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு பகுதியும் சரிந்தது. அதுவரை திரங்கானு ஆட்டங்களைத் தாங்கியது 1960களில் கட்டிய பழைய அரங்கம்தான்.

மாறாக மெர்டேக்கா அரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பணித் துறையில் இருந்த ஸ்டான்லி ஜூக்ஸ் வடிவமைத்தார். சுதந்திரத்துக்கு நாள் குறித்துவிட்டு அதற்குள் முடி என்று சொல்லிக் கட்டவைத்தது. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி திறப்பு, மறுநாள் விடிந்ததும் சுதந்திரப் பிரகடனம். நம் ஊர்க் குத்தகைக்காரர்களை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். திடலைத் தோண்டிப் பள்ளமாக்கி, தோண்டிய சரிவிலேயே படிக்கட்டு வைத்தார்கள். மெல்லிய ஓடு போன்ற கான்கிரீட் கூரைகள். விளக்குக் கோபுரங்கள் முன்தகைவுக் கான்கிரீட்டில் செய்தவை. அந்தக் காலத்தில் இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். 1990களில் அந்த நிலத்தைத் தனியார் மேம்பாட்டுக்கு விட்டார்கள். ஆசிய நிதி நெருக்கடி வந்து அந்தத் திட்டம் படுத்துக்கொண்டது. நாட்டுக்கே பெரிய அடி, இந்த அரங்கத்துக்கு மட்டும் மறுவாழ்வு. பிறகு 1957இல் இருந்த உருவத்துக்கே திருப்பிச் சீரமைத்து, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது வாங்கினார்கள். இன்று அதன் பக்கத்தில் 118 மாடிக் கோபுரம் நிற்கிறது. மேலே இருந்து பார்த்தால் மெர்டேக்கா அரங்கம் யாரோ கழுவிக் கவிழ்க்க மறந்த தட்டு மாதிரி இருக்கும்.

அந்தத் தட்டில்தான் அப்பாவின் தலைமுறை சாப்பிட்டது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது. தோட்டத்தில் கிராணி வீட்டில் மட்டும் தொலைக்காட்சி. சன்னலுக்கு வெளியே முப்பது பேர். கோல் காவலில் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள், 'ஸ்பைடர்மேன்' என்று பெயர். அவர் பந்தைத் தட்டிவிடும்போதெல்லாம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்று அப்பா சொல்வார். ஆப்கானிஸ்தான் பிரச்சினையில் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. "ஜெயிச்சும் போவல" என்பதை அப்பா இன்றைக்கும் தன் சொந்த வீட்டு விஷயம் மாதிரிதான் சொல்வார். 1988இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்துபோனதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

அப்பா பிறந்த தோட்டம் சிரம்பானுக்கு வெளியே. முதலில் பால்மரம், பிறகு செம்பனை, இப்போது இரண்டு மாடி வரிசை வீடுகள். அங்கே ஒரு திடல் இருந்தது. கோயிலுக்கும் லயத்துக்கும் நடுவில், ஒரு பக்கம் சாய்ந்த திடல். முதல் பாதியில் மேட்டுப் பக்கம் கிடைத்தவன் இரண்டு கோலாவது போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கதை முடிந்தது. தீபாவளிக்கு மறுநாள் தோட்டங்களுக்கிடையே ஆட்டம் நடக்கும். தோற்ற அணி ஜெயித்த அணிக்குச் சாப்பாடு போடும். எல்லாருக்கும் ஒரே பெரிய அண்டாதான், ஆகவே தோற்றவனும் அதைத்தான் சாப்பிட்டான்.

பெரிய ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் சிரம்பான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டேஷன் பாடாங்குக்குப் போவார்கள். பிறகு பரோய் வந்தது. துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம், நம் வெள்ளி நோட்டில் இருக்கும் முதல் மாமன்னரின் பெயர். நாங்கள் அம்பாங்கானுக்குக் குடிவந்ததற்கு அப்பா சொல்லும் காரணம் பள்ளிக்கூடம், மருத்துவமனை. அம்மா சொல்லும் காரணம் பரோய் அரங்கத்துக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்.

ஆட்ட நாள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அத்தை வீட்டு அடுக்களை. அப்பாவின் தங்கை. பால் வெட்டிக்கொண்டிருந்தவர், தோட்டம் கைமாறியதும் அம்பாங்கானில் காலையில் ஒட்டுக்கடை போட்டார். பசியாற வடை, நாசி லெமாக். பரோயில் ஆட்டம் இருக்கும் நாளில் சாயங்காலம் அரங்கச் சாலையோரம் ஒரு மடக்கு மேசை. வடை, அவித்த கடலை, அப்புறம் சோற்றுப் பொட்டலம்.

அந்தப் பொட்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நெகிரி செம்பிலான் என்றாலே மாசாக் லெமாக் சீலி பாடி. ஊசி மிளகாயையும் பச்சை மஞ்சள் கிழங்கையும் இடித்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்து, செராய் தட்டிப்போட்டு, மஞ்சள் இலை கிள்ளிப்போட்டு, புளிப்புக்கு அசாம் கெப்பிங். வெங்காயம் கிடையாது. வெங்காயம் போட்டால் அது வேறு மாநிலத்துச் சமையல் என்று மலாய்க்காரப் பாட்டிகள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் அதில் புகைபோட்ட மாட்டிறைச்சி போடுவார்கள், வாத்தும் போடுவார்கள். அத்தைக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு மாக்சிக். அத்தை மாட்டிறைச்சிக்குப் பதிலாக அன்னாசியும் கருவாடும் போட்டார். அதுவும் மலாய்ச் சமையலில் உள்ளதுதான். பிறகு ஒருநாள் கை சும்மா இருக்காமல் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிட்டார். மாக்சிக் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இது என்ன, கல்யாணத்துக்கு மாலை போட்ட மாதிரி, என்று சிரித்தாராம். ஆனால் மறு வாரம் தன் வீட்டு வாசலில் கறிவேப்பிலைச் செடி ஒன்றை நட்டார். அந்தச் செடி இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது.

குழம்பை இலையில் கட்ட முடியாது. ஆகவே அத்தை அதைக் கரண்டி நிற்கும் அளவுக்கு வற்றவைப்பார். சுடுசோறு, அதன்மேல் இந்தக் கெட்டிக் குழம்பு, ஓரத்தில் அரை முட்டை. வாழையிலையை நெருப்பில் வாட்டி மடித்து மேலே பழுப்புத் தாள். அரை மணிநேரம் கழித்துப் பிரித்தால் இலை வாசனை சோற்றுக்குள் இறங்கியிருக்கும். நான்கு வெள்ளி. கடலையும் வடையும் யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள், மலாய்க்காரப் பையன்கள்தான் அதிகம். சோற்றுப் பொட்டலம் நம் ஆட்களுக்கும் சில சீனர்களுக்கும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, கேட்டுக்கொள்வதும் இல்லை. ஹலால் விஷயம் எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் மனவருத்தம் கிடையாது.

2009 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு நாங்கள் புக்கிட் ஜாலில் போனோம். எனக்குப் பதின்மூன்று வயது. நெகிரி கடைசியாகக் கிண்ணம் தூக்கியது 1948இல். 61 ஆண்டு. பேருந்தில் அத்தை கட்டிக்கொடுத்த நாற்பது பொட்டலம். நீலாய் தாண்டுவதற்குள் காலி. உள்ளே போனால் கிளந்தான் ரசிகர்களின் சிவப்பு, எங்கே பார்த்தாலும் சிவப்பு. எங்கள் அணியில் இரட்டையர்கள் அய்டில் ஸாஃபுவானும் ஸாக்குவான் அட்ஹாவும், வலப் பக்கம் எஸ். குணாளன். "ஹோபின் ஜாங் ஹோபின்!" என்று கத்தினோம். நெகிரி மலாயில் அதற்கு ஏறக்குறைய "அடி தம்பி அடி" என்று பொருள். 3–1. அப்பா அழுததை நான் பார்த்தது அன்றுதான். 2011இல் மறுபடியும் கிண்ணம் வாங்கினோம், அப்போது அவர் அழவில்லை.

புக்கிட் ஜாலில் 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது. அன்றைக்கு அது எங்களுக்கு ஆடம்பர அரங்கம்தான். மெர்டேக்காவின் மரப்பலகையிலும் சிமெண்டுப் படியிலும் உட்கார்ந்தவர்கள் அதைப் பார்த்து "இதுல என்னாடா சொகுசு, பந்து எறும்பு மாரி தெரியுது" என்றார்கள். இப்போது அதே புக்கிட் ஜாலிலைப் பற்றி என் வயதுக்காரர்கள் கண்ணில் தண்ணி வரப் பேசுகிறோம். பழசு, புதுசு என்பதெல்லாம் யார் எந்த வயதில் முதல் தடவை உள்ளே நுழைந்தார் என்பதைப் பொறுத்தது போல.

ஆண்கள் இந்தப் பேச்சைப் பேசும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் என்னைவிடப் பந்துப் பைத்தியம் என் அக்கா. அவள் இருபத்தைந்து வயதுவரை ஒரு ஆட்டமும் நேரில் பார்த்ததில்லை. பழைய அரங்கம் ஒன்றில் நான் கண்ட கழிப்பறை கணக்கு இது: ஆண்களுக்கு நீளமான சுவர், பெண்களுக்கு இரண்டு அறை, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வரைந்தவர் மனதில் பெண் ரசிகர் என்று ஒருவர் இருந்ததாகவே தெரியவில்லை. படிக்கட்டில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதை நாம் சுதந்திரம் என்கிறோம். அக்காவுக்கு அது, யார் வேண்டுமானாலும் பக்கத்தில் வந்து உட்காரலாம் என்பது. எண் போட்ட இருக்கை, வெளிச்சமான நடைபாதை, கேமரா, சுத்தமான கழிப்பறை எல்லாம் வந்த புதிய அரங்கத்தில்தான் அவள் முதல் ஆட்டம் பார்த்தாள். தோழிகளோடு போனாள். ஹாட்டாக் பதினைந்து வெள்ளி என்று திட்டிக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்கும் போனாள். அப்பாவின் முழங்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் செம்பனைக் குலை தூக்கிய கால். புதிய அரங்கங்களில் மின்தூக்கி உண்டு.

இங்கிலாந்தில் எவர்ட்டன் அணி 1892இலிருந்து ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025இல் துறைமுகத்தில் கட்டிய புது அரங்கத்துக்குப் போனது. பழையதை இடிக்கவில்லை. அங்கே இப்போது எவர்ட்டன் மகளிர் அணி ஆடுகிறது. இந்தச் செய்தியை அக்காவுக்கு அனுப்பினேன். "லார்க்கின்ல முயற்சி பண்ணச் சொல்லு" என்று பதில் வந்தது. பின்னாலேயே, "கக்கூஸ் சரி பண்ணிட்டு."

ஆகவே ஆடம்பரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் வேறு இடத்தில். சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தின் கூரையைக் கைப்பேசியில் காட்டியபோது அத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல மாரி கட்டிருக்கான், சரி. எலயில கட்டுன சோத்த உள்ள உடுவானா?"

இன்று பெரிய அரங்கம் எதுவானாலும் வெளிச்சாப்பாட்டுக்குத் தடை என்பது பொதுவிதி. உள்ளே கடை வைத்தவர் வாடகை கட்டுகிறார், அவர் விற்க வேண்டும். அது புரிகிறது. தண்ணீர் பாட்டிலை எறிவார்கள் என்ற பயமும் நியாயம்தான். அப்பாவிடம் ஒரு வாசலில் (எந்த அரங்கம் என்பது இங்கே முக்கியமில்லை) காவலர் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னார், பிறகு தொட்டியைக் காட்டினார். அப்பா தொட்டியில் போடவில்லை. சாலையோரம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, பத்தாவது நிமிடத்தில் உள்ளே வந்தார். முதல் கோல் போய்விட்டது. "சோறு போச்சுன்னாதான் தப்பு" என்றார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவுதான்.

அப்பா உட்கார்ந்து சாப்பிட ஒரு சாலையோரம் இருந்தது, கை கழுவ ஒரு குழாய் இருந்தது. எனக்கு அதுதான் மண்டையில் நின்றது. வாசலுக்கும் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் உள்ள அந்த முந்நூறு மீட்டர்தான் பழைய அரங்கங்களின் உண்மையான அடுக்களை. ரம்லி பர்கர் தள்ளுவண்டி, சீராப் தண்ணி, அவித்த சோளம், கச்சாங் பூத்தே. கச்சாங் பூத்தே விற்றவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்து ஈப்போ புந்தோங்கில் குடியேறிய குடும்பங்கள். சினிமாக் கொட்டகை வாசலிலும் திடல் ஓரத்திலும் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை விற்றார்கள். புந்தோங்கில் இன்றைக்கும் கச்சாங் பூத்தே கம்பம் என்று ஒரு கம்பமே இருக்கிறது. திடலில் ஆட எம். சந்திரனுக்கும் ஆறுமுகத்துக்கும் திறமை வேண்டியிருந்தது. திடலுக்கு வெளியே நிற்க ஒரு கூடை போதும். இரண்டு வழியிலும் தமிழர்கள் இந்த நாட்டுக் காற்பந்துக்குள் வந்தார்கள். முதல் வழி இப்போது குறுகிவிட்டது. மிஃபா அணியாகத் தொடங்கி பிஜே சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை போன அணி 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அதே ஆண்டு கே. தேவன் பயிற்றுவித்த நெகிரி அணி, சூப்பர் லீக்குக்குத் திரும்பிய முதல் பருவத்திலேயே நான்காம் இடம் பிடித்தது. அத்தைக்கு அது நல்ல வருஷம். எத்தனை புள்ளி என்று அவருக்குத் தெரியாது, எத்தனை பொட்டலம் என்று தெரியும்.

இரண்டாவது வழி எப்படி மூடப்படுகிறது என்பதை நான் வேலையில் பார்த்தேன். ஒரு விளையாட்டு வளாகத்தின் மேம்பாட்டு வரைபடங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தன. பரோய் இல்லை, வேறு ஊர், பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அழகான வரைபடம். வாசலுக்கு வெளியே புல்வெளி, மரங்கள், பாறை இருக்கைகள், குடும்பங்கள் உலாவுகிற மாதிரி மனித உருவங்கள். அந்த உருவங்கள் எப்போதும் ஒல்லியாக, கையில் காப்பிக் கோப்பையோடு இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? கடைகளை யாரும் தடை செய்யவில்லை. எந்த விதியும் அப்படி எழுதப்படவில்லை. வெளிப்புறத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இல்லை, அவ்வளவுதான். கழிவுநீர் இணைப்பு இல்லை. கொழுப்புத் தடுப்பான் இல்லை. மின்புள்ளி இல்லை.

இதைச் சாப்பாட்டுக் கடை மொழியில் சொல்கிறேன். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் ஊற்றக்கூடாது. ஊற்றினால் நகராண்மைக் கழகம் அபராதம் போடும், போடவும் வேண்டும். எண்ணெயைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி, அதிலிருந்து கழிவுநீர்க் குழாய்க்கு இணைப்பு. இது இருந்தால் கடைக்கு அனுமதி கேட்கலாம். இல்லாவிட்டால் கேட்கவே முடியாது. அத்தை டைஃபாய்டு ஊசி போட்டிருக்கிறார், உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அவர் பக்கம் எல்லாம் சரி. வரைபடத்தில் ஒரு கோடு இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை. அதிகாரி வந்து விரட்டினால் சண்டை போடலாம், எம்.பி.யிடம் போகலாம், பத்திரிகையில் படம் வரும். குழாய் இல்லாததை எதிர்த்து யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நான் வெளிப்புறத்தில் ஆறு குழாய், ஆறு இணைப்பு, இரண்டு கொழுப்புத் தடுப்பான் என்று வரைந்து அனுப்பினேன். மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை. ஒரு சிறப்பு விருந்தினர் அறையின் மார்பிள் தரைக்கு ஆகும் காசு வராது. கூட்டத்தில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், "இது யாருக்கு?" உணவு வியாபாரிகளுக்கு என்றேன். "உணவுக்கு உள்ளே இடம் இருக்கே." இருக்கிறது. உள்ளே இருக்கும் இடத்துக்கு முன்பணம் கட்ட அத்தை தன் வாழ்நாளில் விற்ற பொட்டலங்களை எல்லாம் மறுபடியும் விற்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. ஆட்ட நாளில் எப்படியும் வண்டிகள் வரும், இணைப்பு இல்லாவிட்டால் எண்ணெய் கால்வாயில் போய் அடைத்துக்கொள்ளும், பராமரிப்புச் செலவு ஏறும் என்று சொன்னேன். பொறியாளன் பேச்சை அந்த மொழியில்தான் கேட்பார்கள். தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா, "அதான் பரோய் இல்லையே, ஒனக்கு என்னா?" என்றார். அத்தை குறுக்கே வந்தார். "இன்னிக்கு அங்க வரையறான், நாளைக்கு இங்க வரையமாட்டானா? நீ சும்மா இருண்ணே."

பரோய் அரங்கத்துக்கும் ஒருநாள் அழகான வரைபடம் வரும். வரட்டும். திடலைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் பந்து தூரமாகத் தெரிகிறது. நெருக்கமான, கூரை போட்ட, மின்தூக்கி வைத்த, பெண்களுக்குப் போதிய கழிப்பறை உள்ள அரங்கம் வந்தால் அக்கா முதல் ஆளாகப் போவாள், அப்பாவை நான் கூட்டிப்போவேன். எனக்கு வேண்டியது அந்த முந்நூறு மீட்டரில் நாலு கோடு. அதை யார் வரையப்போகிறார்கள் என்று தெரியாது. கோலாலம்பூரில் ஏதோ அலுவலகத்தில் என் வயதுக்காரன் ஒருவன் வரைவான். அவனுக்கு ஒட்டுக்கடை அத்தை யாராவது இருந்தால் நல்லது.

போன வாரம் மூன்றாம் திருத்தம் வந்தது. ஆறு குழாய் இரண்டாகியிருந்தது. கொழுப்புத் தடுப்பான் ஒன்று. இருக்கும் இடமும் மாறியிருந்தது, வாசலிலிருந்து தள்ளி, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால். அலுவலகத்தில் ஒரு சகா "கெடச்சதே பெருசு, விடு மச்சான்" என்றான். படத்தை அச்செடுத்து அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடி தேடினார். இரண்டு நீல வட்டங்களையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"ரெண்டா?" என்றார். "ஒன்னு கை கழுவ, ஒன்னு சட்டி கழுவ. செரி." பிறகு விரலை அங்கிருந்து நகர்த்தி வாசல்வரை கொண்டுபோனார். "இங்கேருந்து இங்க எவ்ளோ தூரம் தம்பி?"

நூற்று எண்பது மீட்டர் என்றேன்.

"ஒரு வாளித் தண்ணி எட்டு கிலோ வருமா?"

பத்துக்கு மேல் வரும் அத்தே என்றேன். அவர் படத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, சக்கரம் வைத்த தொட்டி டெஸ்கோவில் இன்னும் விற்கிறதா, இப்போது அதற்குப் பெயரை மாற்றிவிட்டார்களே, அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.